ஆறாம் நாள் கணக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

மே மாதம் பிறந்தால் கொச்சியில் மழை வருவதற்கு முன்பே எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்துவிடுகிறது. ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரி அரண்மனை வரை நடந்து பாருங்கள். பள்ளிக்கூட வாசல்களில் பெரிய பெரிய பிளக்ஸ் தட்டிகள் நிற்கும். "நூறுமேனி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மலையாளத்தில் அது விளைச்சலுக்குச் சொல்லும் வார்த்தை. விதைத்தது நூறு மடங்காகத் திரும்பியது என்று அர்த்தம். பரீட்சை எழுதிய அத்தனை பேரும் பாஸ் என்பதை அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். பிள்ளைகள் பாஸானால் யாருக்குத்தான் சந்தோஷம் இல்லை? ஆனால் காடு கழனியை விட்டுவிட்டுப் பிழைப்புக்காக இங்கே வந்திருக்கும் நமக்கு, விளைச்சல் என்றதும் இன்னொரு கேள்வியும் எழும். நிலம் நஞ்சையா, புஞ்சையா? தாமிரபரணித் தண்ணீர் பாயும் வயலில் கண்ட மூட்டையையும், வானம் பார்த்த கரிசலில் கண்ட மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, எண்ணிக்கையை மட்டும் பார்த்து, இவன் நல்ல சம்சாரி, அவன் உதவாக்கரை என்று ஊரில் யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. பள்ளிக்கூட விஷயத்தில் மட்டும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சர்க்காரும் சொல்கிறது, நாமும் சொல்கிறோம்.

இதை எழுத என்னைத் தூண்டியது ஒரு சின்னச் சம்பவம்.

ஒரு ஜூலை மாதக் காலை

நான் பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு வியாபாரம் செய்யும் ஒரு மண்டியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் வரிசை வீட்டில் தென்காசிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. அவர் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறார். அந்தம்மாள் வீட்டிலேயே துணி தேய்த்துக் கொடுக்கிறார். ஊரில் பாட்டியிடம் விட்டிருந்த பையனை இங்கே மூன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், மலையாளத்தில் பேச ஆள் வேண்டும் என்று என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். அப்போது ஜூலை முதல் வாரம். ஊரில் அம்மன் கொடை முடிந்து, ஒரு கல்யாணமும் முடிந்து, அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்திருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். சிறிய எய்டட் எல்.பி. ஸ்கூல். தலைமை டீச்சர் நல்ல மனுஷி. டி.சி. வந்து சேரவில்லை என்று தெரிந்தும் பையனைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்டுதான் பெருமூச்சு விட்டார். "ஆறாம் நாள் கழிஞ்ஞு போயல்லோ" என்றார்.

என்ன ஏது என்று விசாரித்தபோது விஷயம் புரிந்தது. கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுகிறார்கள். அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் பதிவில் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்த ஆண்டு முழுவதற்கும் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயம் செய்கிறார்கள். கீழ் வகுப்புகளில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. அந்த மூன்றாம் வகுப்பில் ஆறாம் நாள் 29 பேர். முந்திய ஆண்டு இரண்டாக இருந்த டிவிஷன் ஒன்றாகிவிட்டது. இதற்கு இங்கே 'டிவிஷன் ஃபால்' என்று பெயர். அதன்பின் இந்தப் பையனையும் சேர்த்து நான்கு பேர் வந்தார்கள். இப்போது வகுப்பில் 33 பேர். ஆனால் போன டீச்சர் போனதுதான். அடுத்த ஜூன் வரை ஒரே டீச்சர், ஒரே அறை. அதில் மலையாளம் தெரியாத பிள்ளைகளும் உண்டு.

வெளியே வந்ததும் அந்தத் தகப்பனார் கேட்டார்: "அண்ணாச்சி, நாம ரெண்டு வாரம் பிந்தி வந்ததுக்கு ஒரு டீச்சரம்மா வேலையா போச்சு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரால் மட்டுமா போயிற்று? நாலு வீட்டார் சேர்ந்து செய்தது. நாலு வீட்டாரும் நம்மவர்களே என்று நான் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளப் பள்ளிகள் திறந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளில் அதற்கும் ஒரு வாரம், பத்து நாள் கழித்தே திறக்கிறார்கள். ஊரில் சித்தப்பா பிள்ளைகள் இன்னும் லீவில் விளையாடிக்கொண்டிருக்கும்போது நம் பிள்ளையை மட்டும் இழுத்துக்கொண்டு வர யாருக்கு மனம் வருகிறது?

முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே

பள்ளிகளை அளப்பதற்கு இந்த நாட்டில் அளவுகோல்களுக்குப் பஞ்சமே இல்லை. நிதி ஆயோக் 2019-ல் ஒரு பட்டியல் வெளியிட்டது. 2016-17ம் ஆண்டுக் கணக்குப்படி பள்ளிக் கல்வித் தரத்தில் பெரிய மாநிலங்களில் கேரளம் முதலிடம், 76.6 சதவிகிதம். இரண்டாமிடம் தமிழ்நாடு, 73.4. மத்தியக் கல்வி அமைச்சகம் வேறொரு அட்டவணை போடுகிறது. 2017-18 முதல் தொடங்கிய அதில் 70 அம்சங்கள், மொத்தம் 1000 மார்க். பிறகு அதையும் திருத்தி அமைத்தார்கள். அதிலும் கேரளம் முன்வரிசையில்தான் நின்றது. இவை போதாதென்று தேசிய அளவில் மாதிரித் தேர்வு வேறு நடக்கிறது. 2024 டிசம்பர் 4-ந் தேதி 3, 6, 9-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடு முழுவதும் அப்படி ஒரு பரீட்சை வைத்தார்கள்.

கேரளம் முதலிடம் வாங்கியது சும்மா வந்ததல்ல. 1957-ல் ஜோசப் முண்டசேரி கல்வி மந்திரியாக இருந்து கொண்டுவந்த மசோதாவிலிருந்து எண்ணினால் அறுபது எழுபது ஆண்டு உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. என் ஆதங்கம் வேறு. முதலிடம் வாங்கிய மாநிலத்தில் வேலை செய்கிறோம், இரண்டாமிடம் வாங்கிய மாநிலத்திலிருந்து வந்திருக்கிறோம். அப்படியிருந்தும் வாத்துருத்தியில் ரயில் பாதை ஓரத்து ஒற்றை அறை வீட்டில் வளரும் பிள்ளை தமிழும் சரியாக வாசிக்காமல் மலையாளமும் சரியாக வாசிக்காமல் நிற்கிறதென்றால், அது எந்த மாநிலத்தின் கணக்கில் வரும்? இரண்டு பெரிய புத்தகங்களுக்கு நடுவே நழுவி விழுந்த சீட்டு மாதிரி, அந்தப் பிள்ளை எந்தப் பக்கத்திலும் இல்லை.

மாநில சராசரி என்பது மாநிலத்துக்குப் பெருமை தரலாம். மட்டாஞ்சேரி உபஜில்லாவில் எந்தப் பள்ளிக்கு ஒரு டீச்சர் கூடுதலாக வேண்டும் என்பதை அது சொல்லாது. மாதிரித் தேர்வில் எல்லாப் பள்ளிகளும் வருவதும் இல்லை.

பத்து மார்க் கணக்கு

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் சதவிகிதத்தை எடுத்துக்கொள்வோம். கிரேடு முறை வந்த 2005-ல் அது 58 சொச்சம். 2008-ல் 92. 2025-ல் 99.5. அந்த ஆண்டு எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள் மட்டும் 61,449 பேர். மூன்றே வருஷத்தில் 58-லிருந்து 92-க்கு ஏறியதைப் பார்த்து, பிள்ளைகளின் மூளை திடீரென்று வளர்ந்துவிட்டது என்று நினைக்க நாம் அவ்வளவு ஏமாளிகள் அல்ல. அளக்கிற படி மாறியது.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் இதைச் சற்று விளக்குகிறேன். நூறு மார்க் பாடம் என்றால் எழுத்துப் பரீட்சைக்கு 80, பள்ளிக்கூடமே போடும் தொடர் மதிப்பீட்டுக்கு 20. இரண்டும் சேர்ந்து 30 வந்தால் பாஸ். பள்ளிக்கூடம் 20-க்கு 20 போட்டுவிட்டால், பையன் பரீட்சை ஹாலில் 80-க்கு 10 வாங்கினால் போதும். நூறுமேனி தட்டி வைக்க வேண்டும் என்று ஆசைப்படும் பள்ளிக்கூடம் அந்த இருபதில் கஞ்சத்தனம் காட்டுமா?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்கும் ஏ பிளஸ் கிடைக்கிறது என்ற தோரணையில் 2023 டிசம்பரில் பொதுக் கல்வி இயக்குநரே ஓர் உள்கூட்டத்தில் பேசியது வெளியே கசிந்து பெரிய ரகளையானது. அது சர்க்காரின் கருத்து அல்ல என்று மந்திரி மறுத்தார். மறுத்தாரே தவிர, அடுத்த ஆண்டே சர்க்கார் ஒரு முடிவுக்கு வந்தது. எழுத்துப் பரீட்சையில் தனியாக 30 சதவிகிதம், அதாவது 80-க்கு 24 வாங்கியே ஆக வேண்டும். 2024-25-ல் எட்டாம் வகுப்பில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு, 2026-27-ல் பத்தாம் வகுப்பு என்று படிப்படியாகக் கொண்டுவருவது என்று தீர்மானித்தார்கள்.

இதை எதிர்த்தவர்களும் உண்டு. வடிகட்டினால் கடைசியில் சல்லடையில் நிற்பது ஏழைப் பிள்ளைதான் என்றார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் நான் இந்த மாற்றத்தை ஆதரிக்கிறேன். வாசிக்கத் தெரியாத பையனுக்குப் பாஸ் சீட்டு கொடுத்து அனுப்பினால் அந்தச் சீட்டுக்கு மதிப்பு எங்கே? ஆபீஸ் வேலைக்கு மனு எழுதும் நாள் வரும்போது ஏமாற்றம் பையனுக்குத்தான். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் வாத்தியார் உண்மையைச் சொல்லிவிடுவார். நம் பிள்ளைக்கு உண்மையைச் சொல்ல அந்த மார்க் ஷீட்டை விட்டால் வேறு ஆளில்லை.

ஏப்ரல் வகுப்பில் நம் பிள்ளை எங்கே?

நல்ல விஷயம் என்னவென்றால், இந்த முறையில் தவறியவனை அதே வகுப்பில் உட்கார வைத்துவிடுவதில்லை. 2025-ல் எட்டாம் வகுப்பில் ஏதாவது ஒரு பாடத்திலாவது 30 சதவிகிதம் எட்டாத பிள்ளைகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் என்று தெரிய வந்தது. முதலிடம் வாங்கிய மாநிலத்தில்! அவர்களுக்கு ஏப்ரல் மாதம் விசேஷ வகுப்பு நடத்தி, மாதக் கடைசியில் மறுபடியும் பரீட்சை வைத்தார்கள். அளந்து பார்ப்பது தண்டிப்பதற்காக அல்ல, தூக்கி விடுவதற்காக என்ற எண்ணம் இதில் இருக்கிறது. பாராட்ட வேண்டும்.

ஆனால் ஏப்ரல் மாதம் நாம் எங்கே இருக்கிறோம்? மார்ச் கடைசியில் பரீட்சை முடிந்த சாயங்காலமே பெட்டி படுக்கையோடு ரயில் ஏறிவிடுகிறோம். பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, குலதெய்வத்துக்கு முடியிறக்கல், காதுகுத்து என்று ஊர்க் காரியம் அத்தனையும் அந்த இரண்டு மாதத்தில் வந்து நிற்கிறது. வீட்டு வாடகை மிச்சம் பிடிப்பதற்காகவே குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு நாலு ஆம்பிளைகள் ஒரே அறையில் தங்குவதும் உண்டு. எந்தப் பிள்ளைக்காக விசேஷ வகுப்பு நடக்கிறதோ அந்தப் பிள்ளை அன்றைக்குச் செங்கோட்டையில் மாங்காய் அடித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைமேல் குற்றம் இல்லை. நம் காலண்டரும் பள்ளிக்கூடக் காலண்டரும் ஒன்றோடொன்று இசையவில்லை.

இதற்காக ஊருக்கே போகாதீர்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை, நானும் போகிறவன்தான். ஆனால் இந்தப் பகுதிப் பள்ளிகளுக்கு மட்டுமாவது அதே விசேஷ வகுப்பை ஜூன், ஜூலை மாதத்தில் காலை ஒரு மணி நேரம் இன்னொரு முறை நடத்தலாம். கேட்டால் கிடைக்கக்கூடிய காரியம். இதுவரை நாம் கேட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் வந்த காலம்

பாஸ் கணக்கைப் பார்த்துப் பள்ளிக்குப் பணம் கொடுப்பது புதிய யோசனை அல்ல. இங்கிலாந்தில் 1862-ல் ராபர்ட் லோ என்ற மந்திரி இந்த முறையைக் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு கிராண்டு. அதே முறை கடல் தாண்டி நம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. விளைவு என்ன? இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காகவே பாடத்தை நெட்டுருப் போட வைத்தார்கள். மந்தமான பிள்ளையால் கிராண்டு குறையும் என்றால் அவன்மேல் யாருக்கு அக்கறை வரும்? அங்கே இன்ஸ்பெக்டராக இருந்த மாத்யூ ஆர்னால்டு என்ற கவிஞரே இந்த முறையைக் கண்டித்து எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் அதைக் கைவிட்டார்கள்.

கைவிட்ட பாடத்தை அமெரிக்கா மறுபடியும் படித்தது. 2002-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேற வேண்டும், தேறாத பள்ளிகள்மேல் நடவடிக்கை என்றார்கள். அட்லாண்டா நகரத்தில் என்ன நடந்தது தெரியுமா? பிள்ளைகள் எழுதிய விடைத்தாளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தினார்கள். 2011-ல் வெளிவந்த மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சம்பந்தப்பட்டதாகச் சொன்னது. 2015-ல் 11 பேர் குற்றவாளிகள் என்று கோர்ட்டில் தீர்ப்பானது. அந்த ஆண்டுக் கடைசியில் சட்டத்தையே மாற்றி, மிகவும் பின்தங்கிய ஐந்து சதவிகிதப் பள்ளிகளைக் கண்டுபிடித்து அவற்றுக்கு உதவுவது மாநிலங்களின் பொறுப்பு என்று வைத்தார்கள்.

இங்கிலாந்து 2016-ல் வேறொரு வழி தொடங்கியது. பிள்ளை ஆரம்பப் பள்ளி முடிக்கும்போது எங்கே இருந்தான், பதினாறு வயதில் எங்கே வந்து நிற்கிறான் என்று இரண்டையும் பார்த்து, இடைப்பட்ட தூரத்தைத்தான் பள்ளியின் சாமர்த்தியமாக எடுத்துக்கொள்ளும் முறை. அதிலும் குறைகள் சொல்கிறார்கள். இருந்தாலும் யோசனை சரியானது. எங்கள் மண்டியில் மிளகு வாங்கும்போது ஈரப்பதம் பார்க்காமல் எடை போடுவதில்லை. வயநாட்டுச் சரக்கா, இடுக்கிச் சரக்கா, எந்த மழைக்குப் பிறகு பறித்தது என்று கேட்காமல் விலை பேசுவதில்லை. மிளகுக்குக் கொடுக்கிற மரியாதையைப் பிள்ளைக்குக் கொடுத்தால் போதும் என்கிறேன்.

எங்கள் வீட்டுப் பக்கத்துப் பையன் ஜூலையில் சேர்ந்தபோது 'அ' வரிசை மலையாளத்தில் ஓர் எழுத்து தெரியாது. தமிழ் நன்றாக வாசித்தான்; கூட்டல் கழித்தல் மளமளவென்று போட்டான். கிறிஸ்துமஸ் லீவுக்குள் மலையாளத்தில் பஸ் போர்டு வாசிக்கத் தொடங்கிவிட்டான். அந்த ஐந்து மாதத்தில் அந்த டீச்சர் செய்த வேலை, ஆங்கில மீடியம் பள்ளியில் வீட்டிலேயே அம்மா பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்பும் பிள்ளைக்குச் செய்கிற வேலையைவிட மூன்று மடங்கு. ஆனால் வருஷ முடிவில் பார்த்தால் அவன் வாங்கியது சி கிரேடு. பள்ளியின் பெயரில் ஏறியதும் அந்த சி கிரேடுதான்.

'அநாதாயகரம்'

கேரளத்துக் கல்வி இலாகாவில் ஒரு வார்த்தை உண்டு: அநாதாயகரம். ஆதாயம் இல்லாதது. வகுப்புக்குச் சராசரி 25 பிள்ளைகள் இல்லாத பள்ளிகளை நெடுங்காலம் அப்படித்தான் அழைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு என்ன ஆதாயம், அது என்ன பலசரக்குக் கடையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த முத்திரை விழுந்துவிட்டால் நிரந்தர ஆசிரியர் நியமனம் சிக்கலாகும். தினக்கூலிக்கு ஆசிரியர் வருவார். அதைப் பார்த்துப் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். எண்ணிக்கை இன்னும் குறையும். சரிவு அப்படித்தான் போகும்.

கோழிக்கோடு மலாப்பறம்பு ஏ.யு.பி. ஸ்கூலின் கதை பலருக்கு நினைவிருக்கும். ஆதாயமில்லை என்று மானேஜர் பள்ளியை மூட அனுமதி வாங்கி, 2014 ஏப்ரலில் இரவோடு இரவாகக் கட்டடத்தை இடித்துவிட்டார். ஊர்மக்கள் கூடி மறுபடியும் கட்டி எழுப்பினார்கள். வழக்கு நடந்து 2016-ல் மூட உத்தரவு வந்தபோது பிள்ளைகளைக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். கடைசியில் சர்க்கார் அதையும் சேர்த்து நான்கு பள்ளிகளைத் தானே ஏற்றுக்கொண்டது. 2017 ஜனவரியில் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கியபின் பள்ளிகளுக்குப் பணமும் வந்தது. பெரிய பள்ளிகளுக்கு ஐந்து கோடி, மூன்று கோடி என்று கட்டடங்கள் எழும்பின. 8 முதல் 12 வரை 45,000 வகுப்பறைகளுக்கு கம்ப்யூட்டரும் திரையும் வந்தன. குறைவாக நினைக்க முடியாது.

ஆனால் மூன்றாம் வகுப்பில் மலையாளம் புரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு வேண்டியது திரையல்ல, ஆள். தமிழும் மலையாளமும் தெரிந்த ஓர் ஆள். இதற்கு வழியும் நம் எறணாகுளம் மாவட்டத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். 2017-ல் பினானிபுரம் அரசுப் பள்ளியில் 'ரோஷ்னி' என்ற திட்டம் தொடங்கியது. வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு, பள்ளி மணி அடிப்பதற்கு முன்னால், அவர்கள் வீட்டு மொழி தெரிந்த ஒரு தொண்டர் வந்து அந்த மொழியிலிருந்து மலையாளத்துக்குக் கைபிடித்து அழைத்துச் செல்வார். காலைப் பலகாரமும் உண்டு. இந்தி, வங்காளி, ஒரியா பேசும் பிள்ளைகளுக்கு அது பெரிய துணையாக இருந்தது. நாம் இங்கே வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டபடியால் நம்மை வெளிமாநிலத்தார் என்று யாரும் நினைப்பதில்லை. தமிழனுக்கு மலையாளம் தானாகவே வந்துவிடும் என்ற எண்ணம் வேறு. கடையில் பேரம் பேசும் மலையாளம் வந்துவிடும், உண்மை. பாடப்புத்தகத்து மலையாளம் அப்படி வராது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருப்பதுபோல் நம் தெருவுக்குத் தெரு கேட்க முடியாது. 2017-ம் ஆண்டுச் சட்டப்படி மலையாளம் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம். அதைப் படிப்பதும் நம் பிள்ளைக்கு நல்லதுதான். படிப்பதற்குக் கைப்பிடி வேண்டும் என்பதுதான் கேள்வி.

கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

ஆறாம் நாள் எண்ணிக்கையையே ஒழிக்கச் சொல்லவில்லை. போலிப் பெயர்களை எழுதி ஆசிரியர் பதவியைக் காப்பாற்றிய பழைய காலமும் உண்டு. அதைத் தடுக்க ஒரு நாள் வேண்டியதுதான். ஆனால் தொழிலாளர் குடும்பங்கள் அதிகமுள்ள மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, வாத்துருத்தி போன்ற இடங்களிலாவது ஓண லீவு முடிந்ததும் இரண்டாவது முறை எண்ணி, கூடியிருந்தால் ஆசிரியரைத் திருப்பித் தரலாமே. கல்வி இலாகாவுக்கு இதில் பெரிய செலவு இல்லை. தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு எம்.எல்.ஏ.வை அழைத்துப் பொன்னாடை போர்த்தும்போது இந்த ஒரு மனுவையும் கையில் கொடுக்கலாம்.

நம் வீட்டுக் காரியத்தையும் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. தாமதமாகிறது என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. வருஷ நடுவில் வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, பின்தங்கிய பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். இது 2010-லிருந்து நடைமுறையில் உள்ள சட்டம். கேட்கத் தயங்க வேண்டாம். அதேபோல் பிள்ளையின் ஆதார் கார்டை ஊரிலேயே சரிபார்த்து எடுத்து வாருங்கள். 2025-ல் ஆதார் இல்லாத பிள்ளைகள் ஆறாம் நாள் கணக்கில் சேராமல் போவதைப் பற்றிக் கேரளத்தில் பெரிய சர்ச்சையே நடந்தது. பி.டி.ஏ. கூட்டம் என்றால் நமக்கு மலையாளம் சரியாக வராதே என்று பின்னால் நிற்கிறோம். டீச்சர்களுக்குத் தமிழ் சினிமா பார்த்தாவது கொஞ்சம் தமிழ் தெரியும், பேசிப் பாருங்கள்.

இன்னொன்று. சி கிரேடு வாங்கிய பள்ளி மட்டமான பள்ளி என்று முடிவு கட்டி, கடன் வாங்கி ஆங்கில மீடியத்தில் சேர்க்கும் குடும்பங்களை எங்கள் தெருவில் பார்க்கிறேன். அவரவர் விருப்பம். சேர்ப்பதற்கு முன்னால் பழைய பள்ளியில் போய், என் பிள்ளை ஜூனில் எப்படி இருந்தான், இப்போது எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். சர்க்கார் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கும்வரை நாமாவது கேட்போமே.

தென்காசிக்காரர் இந்த வருஷம் லீவுக்குக் குடும்பத்தை அனுப்பும்போதே திரும்பி வரவும் டிக்கெட் எடுத்துவிட்டார். மே 30-ந் தேதி பாலருவி எக்ஸ்பிரஸ். கொடை எந்தத் தேதியில் வந்தாலும் சரி, அன்றைக்கு ராத்திரி தென்காசி ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம். எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு வீட்டார் அதே வண்டிக்கு எடுத்திருக்கிறார்கள்.